நர்ஸ் வேலைக்கு வெளிநாட்டு விசா: தாமதமும் மோசடிச் சோதனையும் – முழுமையான வழிகாட்டி

வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ தேர்வான நர்ஸ்கள் ‘விசா லேட் ஆகுது’ என்று சொல்லும்போது, பல நேரம் விசா விண்ணப்பமே இன்னும் போயிருக்காது. பழைய மருத்துவமனையின் ஹெச்.ஆர். பதில் போட்டிருக்க மாட்டார். பல்கலைக்கழகத்துக்குப் போன கடிதம் எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். பிரிட்டன் விசாவுக்குக் கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக 3 வாரம்தான் ஆகும். மாதக்கணக்கில் நாள் போவதெல்லாம் அதற்கு முன்னால்.

சரிபார்ப்பு நடக்கும் முறை புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நீங்கள் கொடுக்கும் சான்றிதழை யாரும் பார்த்து நம்புவதில்லை. அதைக் கொடுத்தவர் யாரோ, அவரிடமே நேராகக் கேட்கிறார்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழகம், பதிவு என்றால் நர்சிங் கவுன்சில், அனுபவம் என்றால் மருத்துவமனை. துபாய், அபுதாபி, கத்தார், சவூதி, ஓமன் போன்ற இடங்களுக்கு இந்த வேலையை டேட்டாஃப்ளோ நிறுவனம் செய்கிறது. பிரிட்டனில் செவிலியர் பதிவைக் கவனிக்கும் என்.எம்.சி. தானே செய்கிறது. ஆகவே கையில் உள்ள காகிதம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்தப் பக்கம் போன் எடுத்து ‘ஆமாம், இவர் இங்கே வேலை பார்த்தார்’ என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும்.

சோதனை இறுகியதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளிலிருந்து 7,600க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டது அம்பலமானது. அதே ஆண்டு நைஜீரியாவின் இபாதான் நகரில், பிரிட்டன் செவிலியர் பதிவுக்கான கணினித் தேர்வு நடத்தும் ஒரு மையத்தில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. பலர் நம்ப முடியாத வேகத்தில் தேர்வை முடித்திருந்ததே சந்தேகத்தின் தொடக்கம். ஏற்கெனவே பிரிட்டனில் பதிவாகி வேலையில் இருந்த 500க்கும் மேற்பட்டவர்கள் விசாரணைக்குள் வந்தார்கள். அந்த மையத்தில் நேர்மையாக எழுதியவர்களும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழ்நாட்டு நர்ஸ்களின் கோப்பு நிற்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா எஸ்’, டிப்ளமோவில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா செல்வராஜ்’, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். நமக்கு இது நான்கும் ஒரே ஆள். வெளிநாட்டில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு ஆள்.

பாஸ்போர்ட்டை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுகள், வளைகுடா உரிமத்துக்கான புரோமெட்ரிக் தேர்வு, டேட்டாஃப்ளோ, என்.எம்.சி. எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். கொடுத்த பெயர் (கிவன் நேம்) எது, குடும்பப் பெயர் (சர்நேம்) எது என்ற பிரிவும் அதேபோல இருக்கட்டும். சான்றிதழில் உள்ள இனிஷியலின் விரிவு இதுதான், இரண்டு பெயரும் ஒரே நபருடையது என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, கேட்கும் முன்பே விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். எழுத்துப் பிழையே இருந்தால் பிரமாணப் பத்திரம் போதாது; சான்றிதழ் கொடுத்த இடத்தில் திருத்த வேண்டும். பிறந்த தேதி மாறியிருந்தாலும் அப்படியே. அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

நடுவழியில் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாதீர்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் கணவர் பெயரைச் சேர்க்க ஆசைப்பட்டு, தேர்வு முடிவு ஒரு பெயரிலும் விசா விண்ணப்பம் இன்னொரு பெயரிலும் நிற்க விடுகிறார்கள். மாற்றுவதென்றால் எல்லாவற்றுக்கும் முன்பே மாற்றுங்கள். இல்லையென்றால் போய்ச் சேர்ந்த பிறகு.

எந்தத் தாளை எப்போது எடுப்பது

காலாவதி ஆகாத தாள்களை முதலில் எடுங்கள், காலாவதி ஆகிறவற்றைக் கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு இரண்டு முறை பணம் கட்டுகிறவர்கள் நிறைய.

முதலில் எடுக்க வேண்டியவை: மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் அல்லது டிப்ளமோ, டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்களும் மதிப்பெண்ணும் கொண்ட விவரத் தாள்), கவுன்சில் பதிவு, பணி அனுபவச் சான்றுகள். பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்டும் பட்டச் சரிபார்ப்பும் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். பதிவும் நன்னிலைச் சான்றும் (‘குட் ஸ்டாண்டிங்’, உங்கள் மேல் நடவடிக்கை ஏதும் இல்லை என்பதற்கான சான்று) தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்திலிருந்து. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் வேறு எதையும் தொடும் முன் அதை முடியுங்கள். வேறு மாநிலத்தில் படித்துப் பதிந்து, தமிழ்நாட்டில் வேலை பார்த்தவர் என்றால் இரண்டு கவுன்சிலிலிருந்தும் கேட்பார்கள்.

அடுத்தது ஆங்கிலத் தேர்வு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 வேண்டும். ஓ.இ.டி. என்றால் மூன்றில் பி, எழுதுவதில் சி பிளஸ். ஐ.இ.எல்.டி.எஸ். முடிவு 2 ஆண்டு செல்லும் என்பதால், அனுபவச் சான்று இன்னும் கைக்கு வராதபோது அவசரப்பட்டு எழுத வேண்டாம்.

கடைசியில் எடுக்க வேண்டியவை பி.சி.சி. என்கிற காவல்துறை நற்சான்றும் மருத்துவப் பரிசோதனைகளும். பி.சி.சி.யைப் பாஸ்போர்ட் சேவா வழியாகவே எடுங்கள்; உள்ளூர் வேலைக்குக் கேட்கும் காவல்துறைச் சரிபார்ப்பு வெளிநாட்டுக்குச் செல்லாது. பாஸ்போர்ட்டில் பழைய முகவரி இருந்தால் காவல் நிலைய விசாரணை அந்த ஊருக்கும் போகும், வாரங்கள் ஓடும். பிரிட்டன் சுகாதார வேலைக்கு, கடந்த 10 ஆண்டில் 12 மாதமோ அதற்கு மேலோ தங்கிய ஒவ்வொரு நாட்டின் நற்சான்றும் வேண்டும். இப்போது குவைத்திலோ சவூதியிலோ இருப்பவர்கள் அங்கிருந்து கிளம்பும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு தூதரகம் வழியாக அதை எடுப்பது பெரிய அலைச்சல்.

பிரிட்டனுக்குக் காசநோய்ச் சோதனையும் உண்டு. அந்த அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும். சான்று 6 மாதம் நிற்கும். எக்ஸ்ரேயில் ஏதாவது நிழல் தெரிந்தால் சளிச் சோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவுக்கு 8 வாரம் வரை ஆகலாம். முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், அல்லது காசநோய் வார்டில் வேலை பார்த்தவர்கள், இதற்கு மட்டும் இரண்டு மாதம் கூடுதலாகக் கணக்குப் போடுங்கள்.

அனுபவச் சான்று

கோப்புகள் மாட்டுவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாக.

சான்று மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்படி முழுப் பெயர், பதவி, எந்தப் பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழு நேரமா பகுதி நேரமா, படுக்கை எண்ணிக்கை, கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும், முத்திரை, லேண்ட்லைன் எண், மருத்துவமனையின் சொந்த மின்னஞ்சல். ‘2019 முதல் 2022 வரை’ என்று மொட்டையாக எழுதியதை ஏற்க மாட்டார்கள். நாள், மாதம், ஆண்டு வேண்டும். கையெழுத்திட்ட நர்சிங் சூப்பிரண்டு வேலையை விட்டுப் போயிருந்தாலும் ஹெச்.ஆர். கோப்பில் ஒரு நகல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சரிபார்ப்புக் கடிதம் வரும்போது கோப்பைப் புரட்டுபவர் அநேகமாக உங்களைத் தெரியாத புதிய ஆளாக இருப்பார்.

சரிபார்ப்பவர்கள் ஒப்பிடும் விஷயங்கள் சில. பதிவுத் தேதிக்கு முன்பே ஸ்டாஃப் நர்ஸாக வேலை தொடங்கியதாக இருக்கிறதா? படிப்பு முடித்துப் பதிவு வருவதற்குள் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். அந்தக் காலத்தை அனுபவத்தில் சேர்க்காமல், பதிவுக்குப் பின் உள்ளதை மட்டும் காட்டுவதே பாதுகாப்பு. டிப்ளமோ முடித்தவர்கள் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை ரெகுலராகப் படித்த அதே இரண்டு ஆண்டில் வேறு ஊரில் முழு நேர வேலை என்று இருக்கிறதா? இரண்டில் ஒன்று பொய் என்று எடுத்துக்கொள்வார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கில் உள்ள சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் சான்றோடு ஒத்துப்போகிறதா? 30 படுக்கை நர்சிங் ஹோம் காகிதத்தில் 150 படுக்கை ஆகியிருக்கிறதா?

‘ஆறு மாதம்தான் குறைகிறது, ஒரு சான்று தயார் பண்ணிக்கொடுக்கிறேன்’ என்று ஏஜென்ட் சொல்வார். போனில் பதில் சொல்ல ஆளும் ஏற்பாடு செய்கிறேன் என்பார். அந்த ஏற்பாடு ஒரு முறை வேலை செய்யலாம். பிறகு ஒரு நாள் வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மருத்துவமனையே அப்படி ஒருவர் வேலை பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுக்கும். டேட்டாஃப்ளோ அறிக்கையில் ‘நெகட்டிவ்’ விழுந்தால் அந்த நாட்டின் உரிமம் போய்விடும், அறிக்கை மற்ற வளைகுடா நாடுகளின் கண்ணிலும் படும். மாட்டுவது ஏஜென்ட் இல்லை, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட நீங்கள். ஆறு மாதம் குறைந்தால் ஆறு மாதம் வேலை பாருங்கள். இதைவிட மலிவான வழி கிடையாது.

உண்மையாக வேலை பார்த்தும் மருத்துவமனை மூடப்பட்டிருந்தால்? அப்பாயிண்ட்மென்ட் கடிதம், சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு, பி.எஃப். பாஸ்புக், படிவம் 16 எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். அப்போதும் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று முடிவு வரலாம். அது ‘நெகட்டிவ்’ போன்றதில்லை. அந்த அனுபவத்தை விட்டுவிட்டு மற்றதை வைத்துத் தகுதி பார்ப்பார்கள். பெயரோ நிர்வாகமோ மாறிய மருத்துவமனை என்றால், பழைய பெயரும் புதிய பெயரும் ஒன்றே என்று இப்போதைய நிர்வாகத்திடம் கடிதம் வாங்கி இணையுங்கள்.

டேட்டாஃப்ளோவில் போடும்போது

அசலை நேராக, வண்ணத்தில், நான்கு மூலையும் தெரிய ஸ்கேன் செய்யுங்கள். போனில் சாய்வாக எடுத்த படம் திரும்பி வரும். உங்கள் விவரத்தைச் சரிபார்க்க நீங்கள் தரும் அனுமதிக் கடிதத்தில் போடும் கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ள கையெழுத்தாக இருக்கட்டும். மருத்துவமனையின் தொடர்பு விவரத்தில் ஹெச்.ஆர். அதிகாரியின் சொந்த ஜிமெயிலைக் கொடுக்காதீர்கள். அது சந்தேகத்தைக் கிளப்பும்.

விண்ணப்பம் போட்ட வாரமே பழைய மருத்துவமனைக்கு நேரில் போய், இந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும், ஸ்பாமில் விழலாம், கொஞ்சம் பாருங்கள் என்று ஹெச்.ஆரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பதிலில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் போக வேண்டாம். பதில் போடச் சொன்னால் போதும். பல மாதக் காத்திருப்பை இந்த ஒரு நடை குறைத்திருக்கிறது. ஒரு நாட்டுக்காக எடுத்த அறிக்கையைக் கட்டணம் கட்டி இன்னொரு வளைகுடா நாட்டுக்கு மாற்றவும் முடியும், புதிதாகத் தொடங்கும் முன் அதைக் கேளுங்கள்.

தவறான முடிவு வந்தால் சும்மா இருக்காதீர்கள். எந்தத் தாளில், என்ன காரணத்துக்கு என்று அறிக்கையில் பார்த்து, கொடுத்த அலுவலகத்திடம் எழுத்தில் திருத்தம் வாங்கி மறுசரிபார்ப்புக் கேளுங்கள். ஹெச்.ஆர். தேதியை மாற்றி எழுதியதால் வந்த ‘நெகட்டிவ்’கள் உண்டு.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு

கணினித் தேர்வை முடித்து, தாள்கள் சரியென்றான பின் வேலை கொடுப்பவர் ஸ்பான்சர்ஷிப் சான்று ஒதுக்குவார். இது காகிதம் இல்லை. பிரிட்டன் உள்துறைக் கணினியில் ஒரு பதிவு, உங்களுக்குக் கிடைப்பது ஒரு எண். அந்த எண் வந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முத்திரை குத்திய, சிங்கச் சின்னம் போட்ட ‘ஸ்பான்சர்ஷிப் சர்ட்டிபிகேட்’ பி.டி.எஃப். காட்டிப் பணம் கேட்டால் உடனே சந்தேகப்படுங்கள்.

அதில் உள்ள வேலைக் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற செவிலியர் வேலைகள் 2231 முதல் 2237 வரை. 6135 அல்லது 6136 என்றிருந்தால் அது பராமரிப்பு உதவியாளர் வேலை. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றுவிட்டது. ‘முதலில் கேரர் விசாவில் போய், அங்கே நர்ஸாக மாறிக்கலாம்’ என்று இன்னும் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். அந்தக் கதவே இல்லை.

வேலை கொடுப்பவரின் பெயர் அந்நாட்டு அரசு வெளியிடும் உரிமம் பெற்ற ஸ்பான்சர் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. வேலை உண்மையில் இருக்கிறதா என்று உள்துறை கேட்கும். சிறிய நிறுவனம் நிறைய சான்று ஒதுக்கினால் கோப்பு நிற்கும். நிறுவனத்தின் உரிமம் பின்னால் ரத்தானால், அங்கே போய்ச் சேர்ந்தவருக்குப் புது ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். ஸ்பான்சர் சான்றுக்கான கட்டணத்தை 2024 டிசம்பர் 31 முதல் வேலைக்குச் சேர்பவரிடம் வசூலிக்கவே கூடாது. வேலை தேடித்தர ஆளிடம் பணம் வாங்கக் கூடாது என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் நடத்தை விதியும் சொல்கிறது.

படிவத்தில் முன்பு எந்த நாடாவது விசா மறுத்ததா என்று கேட்பார்கள். பத்தாண்டுக்கு முன் அமெரிக்க சுற்றுலா விசா மறுக்கப்பட்டிருந்தாலும் எழுதுங்கள். மறுப்பு இருந்ததால் விசா போனவர்கள் குறைவு. மறைத்ததால் போனவர்கள் அதிகம். ஏமாற்ற முயன்றதாக முடிவு செய்தால் 10 ஆண்டுத் தடை வரும். பிரிட்டன் உங்கள் விசாவை மறுத்தது தவறு என்று நினைத்தால் 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வு கேட்கலாம். அதற்குப் புதுத் தாள் சேர்க்க முடியாது என்பதால், தாள் விட்டுப்போனது உங்கள் பக்கம் என்றால் புதிதாக விண்ணப்பிப்பதே மேல்.

போய் இறங்கியதும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். சேர்ந்த தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் செய்முறைத் தேர்வான ஆஸ்கியை முதல் முறை எழுதி, 8 மாதத்துக்குள் பதிவு பெற வேண்டும்.

அமெரிக்கா வேறு கதை. அங்கே தாள் எல்லாம் சரியாக இருந்தாலும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈ.பி. 3 என்ற வேலைவழி கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. ‘ஒரே வருஷத்தில் கிரீன் கார்டு’ என்பவரிடம் விசா புல்லட்டினை (அந்த வரிசை எங்கே நிற்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் பட்டியல்) காட்டச் சொல்லுங்கள்.

இந்தியாவிலிருந்து கிளம்ப அனுமதி

சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போகிறவர்களுக்கு, பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர். (குடியேற்ற அனுமதி தேவைப்படாத வகை) ஆக இருந்தாலும், குடியேற்ற அனுமதி வேண்டும். இது 2015 ஏப்ரல் 30 முதல் வந்த விதி. குவைத்துக்கு ஆள் எடுப்பதில் லட்சக்கணக்கில் வசூல் நடந்தது வெளியான காலம் அது. நர்ஸ்களை எடுக்கும் வேலையை அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள்: கேரளத்தில் நோர்கா ரூட்ஸ், ஓடெபெக், தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனம். இப்போது யார் யார் எடுக்கலாம் என்பதை இந்திய அரசின் இமைக்ரேட் தளத்திலேயே பாருங்கள்.

விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு இதனால்தான் அடி விழுகிறது. விமான நிலையத்தில் நிறுத்தப்படலாம்; போய்ச் சேர்ந்தாலும் ஒப்பந்தம் இமைக்ரேட்டில் பதிவாகியிருக்காது, சம்பளத் தகராறு வந்தால் தூதரகத்தில் காட்ட ஒன்றும் இருக்காது. அனுமதி வாங்கும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும், 10 லட்சம் ரூபாய்க்கு. பிரீமியம் சில நூறு ரூபாய்தான்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ரசீது கட்டாயம். உரிம எண்ணை இமைக்ரேட்டில் போட்டுப் பாருங்கள். உயிரோடு இருக்கிறதா, ரத்தா, அலுவலக முகவரி நீங்கள் போன முகவரிதானா என்று. ‘எங்கள் லைசன்ஸ் மும்பையில் இருக்கு, இங்கே பிராஞ்ச்’ என்பது பழைய பாட்டு. இலங்கையில் இருப்பவர்கள் இதே சோதனையை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பட்டியலில் செய்யலாம்.

விசா நகல் வந்தால் அதையும் சோதிக்கலாம். கத்தார் உள்துறை தளத்திலும், அமீரகத்தின் அடையாள, குடியுரிமை ஆணையத் தளத்திலும் விசா எண், பாஸ்போர்ட் எண் போட்டால் விவரம் வரும். ஒப்பந்தத்தில் பதவி ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்றும் விசாவில் ‘கிளீனர்’ என்றும் இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

பணம் போய்விட்டால்

ஆன்லைனில், யு.பி.ஐ.யில் கொடுத்தது என்றால் அதே நாளில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது; ஒரு வாரம் கழித்துச் சொன்னால் பணம் பத்துக் கணக்கு தாண்டியிருக்கும். ரொக்கமாகவோ செக்காகவோ கொடுத்தது என்றால் மாவட்டக் குற்றப்பிரிவில் புகார், கூடவே சென்னையில் உள்ள குடியேறுவோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் இமைக்ரேட் குறைதீர்ப்புப் பகுதிக்கும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்து ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ஆஃபர் லெட்டர், ரசீது, வங்கி அறிக்கை, ஏஜென்ட் அலுவலகப் பலகையின் படம் எல்லாம் உதவும். பாஸ்போர்ட்டை அவர் வைத்துக்கொண்டிருந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள். பணம் திரும்ப நாளாகும். பாஸ்போர்ட் பெரும்பாலும் போலீஸ் ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டதுமே வந்துவிடும்.